லஃபாரோ மாதிரி வாசிக்கப் போய் டபுள் பேஸில் தொலைத்த 14 மாதம்

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். டபுள் பேஸ் (ஆளுயர வயலின் மாதிரி இருக்கும் வாத்தியம்) வாங்கி வீட்டுக்கு வந்து சேர 1,610 டாலர். அதைச் சரிசெய்ய 640. இரண்டு செட் தந்தி 410. பிக்கப் (வாத்தியத்தின் அதிர்வை ஆம்ப்ளிஃபயருக்குக் கொண்டுபோகும் கருவி) 190. இடது கைக்குப் பிசியோதெரபி 480. ஆக 3,330. கடைசியில் அதே பேஸை 900-க்குத் தள்ளிவிட்டேன். பணம் போனதுகூடப் பரவாயில்லை. 14 மாதத்தில் 11 மாதம் தப்பான வழியிலேயே போயிருக்கிறேன், அதுதான் இன்னும் உறுத்துகிறது. ஜாஸ் பேஸ்காரர் ஸ்காட் லஃபாரோவின் ரெக்கார்டைக் கேட்டுக் கிறங்கிப்போய் டபுள் பேஸைத் தூக்குகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர் விரல் ஓடுவது மட்டும்தான் நம் காதில் விழுகிறது. எப்படிப்பட்ட வாத்தியத்தில், எந்த அறையில், யாருக்கு நடுவில் நின்று, அதற்கு முன்னால் எதையெல்லாம் கரைத்துக் குடித்துவிட்டு அப்படி வாசித்தார் என்பது விழுவதில்லை. எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். புலம்பலைக் குறைத்து, வாத்தியத்தைப் பற்றியும் அவரைப் பற்றியும் அதிகம் சொல்கிறேன்.

முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடலாம். 1936-ல் நியூ ஜெர்சி நியூவார்க்கில் பிறந்தவர். குடும்பம் நியூயார்க் மாநிலத்தின் ஜெனிவா என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. அப்பா வயலின் வாசிப்பவர். பையன் சின்ன வயதில் பியானோ, பிறகு பேஸ் கிளாரினெட் என்ற ஊதுகருவி, உயர்நிலைப் பள்ளியில் டெனர் சாக்ஸஃபோன் என்று போனான். பேஸைத் தொட்டதே 18 வயதில்தான். இத்தாகா கல்லூரியில் இசைக் கல்விப் படிப்புக்கு ஒரு தந்தி வாத்தியம் கட்டாயம் என்பதால் எடுத்தது அது. 1955-ல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு பட்டி மாரோவின் இசைக்குழுவோடு கிளம்பி, லாஸ் ஏஞ்சலிஸில் அதிலிருந்து கழன்றுகொண்டார். செட் பேக்கர், விக்டர் ஃபெல்ட்மன், ஸ்டான் கென்டன், பென்னி குட்மன் என்று பலரோடு வாசித்துவிட்டு 1959-ல் பியானோக்காரர் பில் எவன்ஸின் ட்ரியோவில் (மூவர் குழுவில்) சேர்ந்தார். 1961 ஜூலை 6-ந் தேதி, ஜெனிவாவுக்குப் பக்கத்தில் 20-ம் எண் நெடுஞ்சாலையில் கார் விபத்தில் இறந்தபோது வயது 25. பேஸ் கையில் இருந்தது மொத்தமே 7 வருடம். இந்த 7 வருடம் என்பதுதான் என்னைக் கெடுத்தது. ஏழே வருடத்தில் அவர் அந்த உயரத்துக்குப் போனார் என்றால், 34 வயதில் தொடங்கினாலும் ரெண்டு வருடத்தில் பாதியாவது வந்துவிடும் என்று நினைத்தேன். பேஸுக்கு முன்னால் பத்து வருடத்துக்கு மேல் சுரமும் ஹார்மனியும் அவருக்குள் ஊறிக் கிடந்ததையும், லாஸ் ஏஞ்சலிஸில் பகல் முழுவதும் சாதகம் செய்துகொண்டே கிடந்ததையும் நான் அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இனி வாத்தியம். நான் இணையத்தில் படம் பார்த்து வாங்கினேன். 'முக்கால் அளவு, கையால் செய்தது, வாசிக்கத் தயார்' என்று போட்டிருந்தது. முக்கால் அளவு என்பதைக் குழந்தைகளுக்கானது என்று எண்ண வேண்டாம். ஜாஸ்காரர்கள் பெரும்பாலும் வாசிப்பது அந்த அளவுதான், லஃபாரோவுடையதும் அதுவே. 'வாசிக்கத் தயார்' என்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். பெட்டியைப் பிரித்தபோது குதிரை (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) படுத்துக் கிடந்தது, உள்ளே சவுண்ட்போஸ்ட் உருண்டுகொண்டிருந்தது. வயலினில் நம்மூர்க்காரர்கள் 'உயிர்க்குச்சி' என்று சொல்லக் கேட்டிருக்கிறேன், அதே குச்சிதான். முன்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவில் பசையே இல்லாமல் தந்தியின் அழுத்தத்தால் மட்டும் நிற்பது. அதனால்தான் தந்தி மாற்றும்போது நான்கையும் ஒரே நேரத்தில் தளர்த்தக் கூடாது. ஒன்றைக் கழற்றி, புதியதை மாட்டி, சுருதிக்குக் கொண்டுவந்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். நான்கு இரும்புத் தந்தியும் சேர்ந்து கிட்டத்தட்ட 120 கிலோ இழுவை கொடுக்கின்றன. அந்த இழுவை விட்டால் குச்சி விழும். குச்சி இல்லாமல் தந்தியை ஏற்றினால் முன்பலகை அமுங்கி விரிசல் விடும்.

இன்னொன்றும் அன்றே பார்த்திருக்க வேண்டியது. விரற்பலகையைத் தலைமாட்டிலிருந்து ஒற்றைக் கண்ணால் துப்பாக்கி குறி பார்ப்பதுபோல் பாருங்கள். நடுவில் ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் குழிவு இருக்க வேண்டும், அதுவும் சீராக. தந்தி அதிரும்போது நடுவில்தான் அதிகம் விரிந்து ஆடுகிறது, அது ஆட இடம் வேண்டும். என்னுடையதில் ஓரிடத்தில் மேடு, அடுத்த சாணில் பள்ளம். மேட்டுக்குக் கீழே எந்தச் சுரத்தை அழுத்தினாலும் தந்தி மேட்டில் உரசிக் கரகரத்தது. அதை இழைத்துச் சமன் செய்ய 360 டாலர். உயரம் மாற்றும் திருகுச் சக்கரத்தோடு புதிய குதிரை பொருத்த 280. விலை குறைவு என்று வாங்கியது கடைசியில் வாடகைக்கு எடுப்பதைவிட எவ்வளவோ அதிகமாயிற்று. பேஸ் மட்டுமே பார்க்கும் பட்டறைகள் மாதம் 60, 70 டாலருக்கு ஒழுங்காகச் சரிசெய்த ப்ளைவுட் பேஸை வாடகைக்குத் தருகின்றன. பல இடங்களில் வாடகையில் ஒரு பகுதியைப் பிறகு விலையில் கழித்துக்கொள்வார்கள். முதல் வருடம் அதைத் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டாம். ப்ளைவுட்டா என்று முகம் சுளிக்கவும் வேண்டாம். அது விரிசல் விடாது, மோதினாலும் தாங்கும்.

லஃபாரோவின் பேஸே தனிக் கதை. அவர் முதலில் வைத்திருந்தது ஜெர்மனியின் மிட்டன்வால்டில் செய்தது. 1958 வசந்த காலத்தில் அது திருடு போயிற்று. அதன் பிறகு கைக்கு வந்ததுதான் நியூ ஹாம்ப்ஷயரில் ஆப்ரஹாம் பிரெஸ்காட் 1825 வாக்கில் செய்த பேஸ். அதன் தோள்பட்டை செதுக்கிக் குறைக்கப்பட்டிருந்தது. கேட்டால் சின்ன விஷயம். வாசிக்கிறவனுக்கு அது பாதி உலகம். மேல் ஸ்தாயிக்குப் போகும்போது இடது கை பேஸின் தோளைச் சுற்றி வளைந்து ஏற வேண்டும். தோள் அகலமாக இருந்தால் முழங்கை அங்கேயே முட்டிக்கொள்ளும். என் பேஸின் தோள் பானை மாதிரி. அவர் சரளமாகப் போய்வந்த இடத்துக்கு நான் எக்கி எக்கிப் போனேன், என் திறமைக் குறைவு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பாதிக் குறை பேஸின் உடற்கட்டில் இருந்தது, என் உடற்கட்டில் இல்லை. வாங்குமுன் நின்றபடி வாத்தியத்தைச் சாய்த்து, இடது கட்டை விரல் தந்தியின் சரிபாதிக்கு, அதாவது ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி மேலே உள்ள) சுரத்துக்கு, உடலைக் கோணாமல் எட்டுகிறதா என்று பாருங்கள். எட்டவில்லை என்றால் அது உங்கள் பேஸ் இல்லை.

அடுத்த தப்பு தந்தி உயரம். லஃபாரோ தந்தியைத் தாழ்வாக வைத்திருந்தார் என்று எங்கோ படித்ததும் திருகுச் சக்கரத்தைச் சுற்றி இறக்கிவிட்டேன். விரற்பலகையின் கீழ் நுனியில் அளந்தால் இன்றைக்கு ஜாஸுக்கு வழக்கமான உயரம் மிக மெல்லிய ஜி தந்திக்கு 5 மில்லிமீட்டர், மிகத் தடித்த இ தந்திக்கு 8 மில்லிமீட்டர் பக்கம். நான் ஜி-யை மூன்றரைக்கு இறக்கினேன். விரல் பறந்தது உண்மை. ஆனால் சத்தம் செத்துப்போனது. இந்த வாத்தியத்தில் சத்தம் வருவது தந்தியை எவ்வளவு தூரம் இழுத்து விடுகிறோம் என்பதில். தாழ்ந்த தந்தியைப் பலமாக இழுத்தால் பலகையில் அடித்துக் கரகரக்கும்; அதற்குப் பயந்து மெல்ல இழுத்தால் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது. டிரம்ஸ் ஆரம்பித்ததும் நான் காணாமல் போனேன். அதைச் சரிக்கட்டத்தான் 190 டாலருக்குப் பிக்கப் வாங்கினேன். ஆம்ப்ளிஃபயரை ஏற்றினால் வாத்தியமே ஊளையிட்டது. லஃபாரோவை நாம் கேட்பது மைக் பக்கத்தில் வைத்து எடுத்த பதிவில், வில்லேஜ் வான்கார்ட் மாதிரி ஒரு சின்ன நிலவறை கிளப்பில், பில் எவன்ஸ் போல மெதுவாகத் தொடும் பியானோக்காரரோடு, பெரும்பாலும் பிரஷ்ஷால் தடவும் பால் மோஷனின் டிரம்ஸோடு. அந்த நான்கில் ஒன்று இல்லையென்றாலும் தாழ்ந்த தந்தி நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே முதல் வருடம் ஜி 6, இ 9 என்று சற்று உயர்த்தியே வைத்து, சத்தத்தைக் கையால் உண்டாக்கப் பழகிவிட்டு, பிறகு அரை அரை மில்லிமீட்டராக இறக்குங்கள். ஒவ்வொரு முறையும் குறித்து வையுங்கள். வெயில் காலத்தில் ஈரத்தில் பலகை உப்பித் தந்தி தானாக உயரும். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டில் வற்றி இறங்கும். கெட்டிப் பலகை பேஸ் என்றால் வீட்டு ஈரப்பதம் 40 சதவீதத்துக்கும் 60-க்கும் இடையில் இருக்கட்டும். பிப்ரவரியில் 20-க்குக் கீழே போகும் வீட்டில் ஹியூமிடிஃபயர் இல்லாமல் வைத்தால் விரிசல் நிச்சயம்.

இடது கைக்கு வருகிறேன், ஏனென்றால் 480 டாலரும் 9 வாரமும் அங்கேதான் போயின. பேஸின் தந்தி நீளம் சுமார் 106 சென்டிமீட்டர். அதனால் கீழ் இடத்தில், முதல் நிலையில், சுட்டுவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் ஒரு முழு ஸ்வரம் எட்டவே 10 சென்டிமீட்டர் விரிக்க வேண்டும். வயலினில் அதே இடைவெளி சுமார் 3 சென்டிமீட்டர்தான். இதனால்தான் பேஸ்காரர்கள் சிமாண்டல் முறையில் சுட்டுவிரல், நடுவிரல், சுண்டுவிரல் என்று மூன்றை மட்டும் கணக்கில் வைத்து, மோதிர விரலைச் சுண்டுவிரலுக்குத் துணையாக விடுகிறார்கள். பேஸ் கிட்டாரில் நான்கு விரலையும் நான்கு கட்டையில் வைத்துப் பழகிய எனக்கு இது பத்தாம்பசலித்தனமாகத் தோன்றியது. நான்கு விரலால் விரித்துப் பிடித்தேன், தந்தி பலகையில் படியாததால் கழுத்துக்குப் பின்னால் கட்டை விரலால் இடுக்கிபோல் நெரித்தேன். ஏழாவது வாரம் கட்டை விரலின் அடியில் வலி. பத்தாவது வாரம் காபி டம்ளரைத் தூக்க முடியவில்லை. வாசிப்பதை நிறுத்திய அந்த 9 வாரம் எனக்கு உலகத்தின் மேலேயே கோபம். யூடியூபில் பேஸ் வாசிப்பவர்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அந்த வலிக்குக் காரணம் எளிது. தந்தியை அழுத்த வேண்டியது கட்டை விரலின் நெரிப்பு இல்லை, தொங்கும் கையின் எடை. சோதனை ஒன்று இருக்கிறது: ஒரு சுரத்தை அழுத்திப் பிடித்தபடி கட்டை விரலைக் கழுத்திலிருந்து முழுதாக எடுத்துவிடுங்கள். வாத்தியம் உடம்பில் சாய்ந்து நிற்க, கை எடையில் சுரம் அப்படியே தெளிவாகக் கேட்டால் சரி. செத்துப்போனால் நீங்கள் நெரித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். இதற்கு வாத்தியம் நிற்கும் விதம் முக்கியம். நின்று வாசித்தால் தலைமாட்டில் தந்தி ஏறும் இடம் உங்கள் புருவத்துக்கும் நெற்றிக்கும் பக்கத்தில் வரும்படி எண்ட்பின்னை (பேஸின் அடியில் தரையில் ஊன்றும் கம்பியை) நீட்டுங்கள். பேஸின் பின்பக்க ஓரம் இடது இடுப்பெலும்பில் சாய வேண்டும். இடது கையை முழுதாக எடுத்தாலும் பேஸ் விழாமல் நின்றால்தான் அந்தக் கை விடுதலை. முதல் மாதம் ஒரே மூச்சில் 20 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். 10 நிமிடம் விட்டுத் தொடரலாம். தோலில் கொப்புளம் வந்தால் தாங்கிக்கொள்ளலாம், அது காய்ப்பாகும். மூட்டிலோ நரம்பிலோ வலி என்றால் அன்றோடு நிறுத்துங்கள்.

மேல் ஸ்தாயியில் கதை தலைகீழ். தந்தியின் சரிபாதியில் ஆக்டேவ் வருகிறது, அங்கே அரை ஸ்வரம் வெறும் 3 சென்டிமீட்டர். கட்டை விரலையே தந்தியின்மேல் குறுக்காக வைத்து அதை நகரும் மேருபோல (தலைமாட்டில் தந்தி ஏறும் கட்டைபோல) பயன்படுத்தினால் மற்ற விரல்களுக்கு ஒரு கைக்குள் நிறைய சுரம் கிடைக்கும். லஃபாரோ கிளாரினெட்டுக்கு எழுதிய பயிற்சிகளை எடுத்து இந்த இடத்தில் சாதகம் செய்தார் என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது. பேஸ் பயிற்சிப் புத்தகங்கள் அன்றைக்குப் பெரும்பாலும் கீழேயே சுற்றும். கிளாரினெட் புத்தகத்தில் தாவல், ஆர்பெஜியோ, வளைந்து வளைந்து போகும் வரி எல்லாம் கிடைக்கும். அவர் விரல் ஏன் பேஸ்காரர் மாதிரி யோசிக்காமல் ஊதுகிறவர் மாதிரி யோசித்தது என்பதற்கு அதுவே பாதி விடை. நான் செய்த முட்டாள்தனம், கீழே சுருதி நிற்பதற்குள் மேலே போனது. மேலே 3 மில்லிமீட்டர் தப்பினாலே காதுக்கு உடனே தெரியும். தம்பூரா ஆப்பில் ஜி-யை ஓடவிட்டு, ஜி தந்தியில் ஒரே விரலால் மெதுவாக ஏறி இறங்கி ஒவ்வொரு சுரமும் சேரும்வரை காத்திருப்பது. இதை முதல் நாளே தொடங்கியிருக்க வேண்டும். நம்மவர்களுக்கு இது புதிதும் இல்லை, வயலின் வகுப்பில் முதல் மாதம் செய்வதுதான்.

வலது கையைப் பற்றி ஒரு பத்தி போதும். கட்டை விரல் விரற்பலகையின் ஓரத்தில் ஊன்றி நிற்க, சுட்டுவிரலின் பக்கவாட்டுச் சதையால் தந்தியைக் குறுக்காக இழுத்துப் பக்கத்துத் தந்தியில் வந்து நிற்பதுதான் அடிப்படை வீச்சு. மேல்நோக்கிச் சுண்டினால் சத்தம் ஒல்லியாகி, பலகையில் அடிக்கும். வேகத்துக்குச் சுட்டுவிரலும் நடுவிரலும் மாறி மாறி நடப்பது. இதை லஃபாரோவுக்குக் காட்டிக்கொடுத்தவர் பேஸ்காரர் ரெட் மிட்செல். விரல் நுனியால் வாசிப்பதால் அதில் சத்தத்தின் உடம்பு குறையும், அதையும் சொல்லிவிட வேண்டும். லஃபாரோவின் நாதம் இன்னொரு ஜாஸ் பேஸ்காரரான ரே பிரவுனுடையது போல் தடித்த நாதம் இல்லை. இதைச் சொன்னால் ரசிகர்கள் அடிக்க வருவார்கள். அவர் கொடுத்த விலை அது, தெரிந்தே கொடுத்தார் என்றுதான் நினைக்கிறேன். நானோ விலை என்னவென்று கேட்காமலே வாங்கினேன்.

ஆனால் இதுவரை சொன்னது எல்லாம் கை சம்பந்தப்பட்டது. உண்மையில் என்னைத் தலைகுனிய வைத்தது காலம், அதாவது தாளம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜாம் செஷனில் நான் பியானோ சோலோவுக்கு நடுவில் மேல் ஸ்தாயியில் பதில் வரிகள் போட்டுக்கொண்டே இருந்தேன், எவன்ஸ் ட்ரியோ மாதிரி என்று நினைப்பு. டிரம்ஸ்காரர் முதல் சுற்றில் என்னைப் பார்த்தார், இரண்டாவது சுற்றில் பியானோக்காரரைப் பார்த்தார், மூன்றாவதில் என்னை விட்டுவிட்டு அவர்கள் இருவரும் சேர்ந்துகொண்டார்கள். அடுத்த நான்கு வாரமும் என்னை யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை. அந்த ட்ரியோவில் லஃபாரோ செய்தது தாளத்தை விட்டது இல்லை, சொல்லாமல் விட்டது. நான்கு தட்டையும் அவர் வாசிக்காத இடத்திலும் மூன்று பேருக்கும் உள்ளே ஒரே தாளம் ஓடிக்கொண்டிருந்தது. நல்ல மிருதங்கக்காரர் கீர்த்தனையின் சங்கதியைத் தொட்டுத் தொட்டு வாசிப்பார், சர்வலகுவை விட்டு வெளியே போவார், ஆனால் சமத்தில் எங்கே இறங்குவது என்பதில் அவருக்குத் தடுமாற்றமே இருக்காது. தாளம் போடத் தெரியாதவன் அதைப் பார்த்து ஓரிரண்டு மோராவை மட்டும் கற்றுக்கொண்டு கச்சேரிக்குப் போனால் எப்படி இருக்கும், அதுதான் நான்.

இதற்கு மருந்து வாக்கிங். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சுரம், ஒரு பாருக்கு (நான்கு தட்டு கொண்ட ஒரு தாளச் சுற்றுக்கு) நான்கு, சோலோ கிடையாது. ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, மெட்ரோனோமை இரண்டாவது, நான்காவது தட்டில் மட்டும் விழும்படி வைத்து, நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் ஒரு வாரம். அடுத்த வாரம் பாருக்கு ஒரே ஒரு தட்டு. அதற்கடுத்து இரண்டு பாருக்கு ஒரு தட்டு. இடையில் வரும் அமைதியில் நீங்கள் ஓடுகிறீர்களா, பின்தங்குகிறீர்களா என்று அடுத்த தட்டு வந்ததும் தெரிந்துவிடும். நான் ஓடுகிறவன். பாருக்கு ஒரு தட்டு என்ற நிலையைத் தாண்டவே 5 வாரம் ஆனது. அது நின்ற பிறகுதான் ஒரு பாரில் ஒரு தட்டை வேண்டுமென்றே விட்டுப் பார்க்கும் தகுதி வருகிறது. பிறகு இரண்டு. லஃபாரோ பாணிக்கு வாசல் இந்தப் பக்கம் இருக்கிறது, வேகமான விரலில் இல்லை. சந்தேகமிருந்தால் பென்னி குட்மனும் ஸ்டான் கென்டனும் ஓர் இளைஞனை எதற்காகக் கூட வைத்துக்கொண்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் குழுக்களில் பேஸ்காரருடைய வேலை நடப்பதுதான்.

கேட்பதற்கும் ஒரு வழி சொல்கிறேன், காசு செலவில்லாதது. 1960 டிசம்பர் 21-ந் தேதி சாக்ஸஃபோன்காரர் ஆர்னெட் கோல்மன் இரட்டைக் குவார்ட்டெட் (இரண்டு நால்வர் குழு) ஒன்றைக் கூட்டி ஒரே மூச்சில் 37 நிமிடம் பதிவு செய்தார். ஸ்டீரியோவில் இடது பக்கம் ஒரு குவார்ட்டெட், வலது பக்கம் இன்னொன்று. இடது பக்கத்து பேஸ் லஃபாரோ, வலது பக்கத்து பேஸ் சார்லி ஹேடன். ஹெட்ஃபோனின் ஒரு பக்கத்தைக் கழற்றிவிட்டு இடதை மட்டும் முழுதாகக் கேளுங்கள், பிறகு வலதை. ஹேடன் கீழேயே தங்கி, சில சுரத்தைத் திரும்பத் திரும்ப ஊன்றி, தூண் மாதிரி நிற்பார். லஃபாரோ மேலே சுற்றுவார். இருவரையும் சேர்த்துக் கேட்கும்போதுதான், மேலே ஒருவர் சுற்றக் கீழே ஒருவர் நிற்க வேண்டியிருக்கிறது என்பது மண்டையில் ஏறும். எவன்ஸ் ட்ரியோவில் கீழே நிற்க இன்னொரு பேஸ் கிடையாது. அங்கே அந்தப் பொறுப்பை மூன்று பேரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். உங்கள் குழுவில் பங்கிட ஆள் இல்லையென்றால் நீங்கள்தான் ஹேடன். வருத்தப்பட ஒன்றும் இல்லை, அது பெரிய பதவி.

எவன்ஸ் ட்ரியோவின் 1961 ஜூன் 25 வான்கார்ட் பதிவைக் கேட்டுப் படியெடுக்கிறவர்களுக்கு ஒன்று. ஒரே நாளில் பகலும் இரவுமாக ஐந்து செட் வாசித்த பதிவு அது. பதினோரு நாளில் லஃபாரோ இல்லை. எடுத்ததும் வேகமான பாட்டுக்குப் போகாதீர்கள். அவரே எழுதிய 'குளோரியாஸ் ஸ்டெப்'பில் தொடங்குங்கள். ஜாஸ் பாட்டுகளில் வழக்கமான 32 பார் சுற்றின் பழக்கத்தில் எண்ணினால் தொலைந்துபோவீர்கள். அதன் சுற்று 20 பார், 5, 5, 10 என்று பிரியும். முதல் இரண்டு நாள் வாத்தியத்தைத் தொடாமல் கையால் தாளம் போட்டு எண்ணுங்கள். பேஸ் வரி தெளிவாகக் கேட்காவிட்டால், வேகத்தை 70 சதவீதத்துக்குக் குறைத்து, சுருதியை ஓர் ஆக்டேவ் உயர்த்தினால் விரல் தொடும் சத்தம்கூடக் கேட்கும். ஒரு வாரத்துக்கு 4 பார் போதும். நான் முதலில் மாதத்துக்கு இரண்டு சோலோ என்று இலக்கு வைத்து, குறிப்பேட்டில் 6 சோலோ எழுதி வைத்தேன். ஒன்றுகூட இன்று வாசிக்க வராது.

திருட்டு விஷயத்தைச் சொல்லாமல் விட்டேன். லஃபாரோவின் முதல் பேஸ் போனதுபோல் இன்றும் போகின்றன. ஆறடி உயரப் பொருளை எவன் தூக்குவான் என்று நினைத்து வண்டியில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக் காப்பீடு பெரும்பாலும் கச்சேரிக்குப் போன வாத்தியத்துக்குச் செல்லாது, தனி வாத்தியக் காப்பீடு எடுக்க வேண்டும். முன்பலகையின் எஃப் வடிவத் துளைக்குள் டார்ச் அடித்து உள்லேபிளையும், தலைப்பகுதி, பின்பலகை ரேகை, பழைய விரிசல் ஒட்டுகள் எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள். காரில் ஏற்றும்போது முன் இருக்கையை முழுதாகச் சாய்த்து, கழுத்தை முன்பக்கம் விட்டு, பேஸைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். குதிரைப் பக்கம் எதுவும் சாயக் கூடாது. பிரெஸ்காட் பேஸ் அந்த விபத்தில் லஃபாரோவோடு காருக்குள் இருந்தது. மோசமாக உடைந்த அதை நியூயார்க்கில் கோல்ஸ்டீன் பட்டறையில் வருடங்கள் கழித்துத் திரும்ப ஒட்டி எழுப்பினார்கள், இப்போதும் வாசிக்கும் நிலையில் இருக்கிறது.

இப்போது என்னிடம் இருப்பது மாதம் 65 டாலர் வாடகைக்கு ஒரு ப்ளைவுட் பேஸ். ஜி 6 மில்லிமீட்டர், இ 9. காலையில் 20 நிமிடம் தம்பூராவோடு ஒற்றைத் தந்தி, இரவில் 20 நிமிடம் வாக்கிங், சனிக்கிழமை மட்டும் லஃபாரோ 4 பார். போன வாரத்தோடு 'குளோரியாஸ் ஸ்டெப்' பன்னிரண்டாவது பாரில் நிற்கிறேன். பதின்மூன்றாவதில் ஒரு தாவல் இருக்கிறது, சுண்டுவிரலில் பிடித்தால் சுருதி விழுகிறது, மோதிர விரலில் பிடித்தால் அடுத்த சுரம் எட்டவில்லை. இந்தச் சனிக்கிழமை கட்டை விரலை வைத்துப் பார்க்கப் போகிறேன்.